தோற்காமல் ஏமாற்றுவது எப்படி: 1951 அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து ஊழல்

1950 மார்ச் மாதம் நியூயார்க் சிட்டி காலேஜ் (சுருக்கமாக சி.சி.என்.ஒய்.) பத்து நாள் இடைவெளியில் அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் இரண்டு பெரிய கோப்பைகளையும் ஜெயித்தது. மார்ச் 18 அன்று என்.ஐ.டி. இறுதிப்போட்டியில் பிராட்லி பல்கலைக்கழகத்தை 69–61 என்றும், மார்ச் 28 அன்று என்.சி.ஏ.ஏ. இறுதிப்போட்டியில் அதே பிராட்லியை 71–68 என்றும் தோற்கடித்தது. ஒரே வருடத்தில் இரண்டையும் ஜெயித்த அணி அதற்கு முன்னும் கிடையாது, பின்னும் கிடையாது.

பதினோரு மாதம் கழித்து, 1951 பிப்ரவரி 18. ஃபிலடெல்ஃபியாவில் டெம்பிள் பல்கலைக்கழகத்தை வென்றுவிட்டு ரயிலில் நியூயார்க் திரும்பிய அதே அணியோடு துப்பறியும் போலீசாரும் வந்து இறங்கினார்கள். எட் வார்னர், எட் ரோமன், அல் ராத் மூன்று பேரும் கைது. சூதாடிகளிடம் பணம் வாங்கிக்கொண்டு ஆட்டத்தின் புள்ளிகளைக் குறைத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. மூவரும் ஒப்புக்கொண்டார்கள்.

இதைப் பற்றி சில மாதங்களாகப் படித்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கூடைப்பந்தில் பெரிய ஈடுபாடு கிடையாது. என்னை இழுத்தது அதன் பின்னால் இருந்த ஒரு எண். அந்த எண் எப்படி வேலை செய்கிறது என்று புரியாமல் இந்தக் கதை புரியாது. அதனால் அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

அந்த எண்: ஸ்ப்ரெட்

சாதாரணப் பந்தயத்தில் யார் ஜெயிப்பார்கள் என்று பணம் கட்டுவோம். பலமான அணியும் நோஞ்சான் அணியும் மோதினால் என்ன ஆகும்? எல்லாரும் பலமான அணி மேலேயே கட்டுவார்கள். பந்தயம் வாங்குகிற புக்கிக்கு இது கட்டுப்படியாகாது. ஒரு பக்கம் மட்டும் பணம் குவிந்தால் அவன் திவாலாக வேண்டியதுதான். அதனால் அந்தக் காலத்தில் ஒருதலைப்பட்சமான ஆட்டங்களுக்கு பல புக்கிகள் பந்தயமே வாங்க மாட்டார்கள்.

1940களில் இதற்கு ஒரு தீர்வு பரவியது. பாயிண்ட் ஸ்ப்ரெட். சார்லஸ் மெக்நீல் என்ற முன்னாள் கணித ஆசிரியர் சிகாகோவில் இதைக் கொண்டுவந்தார் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. விஷயம் எளிமையானது. பலமான அணி ஜெயிக்குமா என்று கேட்காதே, எத்தனை புள்ளி வித்தியாசத்தில் ஜெயிக்கும் என்று கேள். சிட்டி காலேஜுக்கு ஸ்ப்ரெட் 10 என்று வைத்துக்கொள்வோம். சிட்டி மேல் கட்டியவனுக்குப் பணம் வர வேண்டுமானால் சிட்டி 11 புள்ளியாவது கூடுதலாக எடுத்து ஜெயிக்கணும். 9 புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தால் எதிரணி மேல் கட்டியவனுக்குத்தான் பணம். சரியாக 10 என்றால் கட்டிய பணம் திரும்ப வந்துவிடும்.

புக்கியின் நோக்கம் ஆட்டத்தின் முடிவைச் சரியாகக் கணிப்பது இல்லை. இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாகப் பணம் விழுகிற மாதிரி ஒரு எண்ணைப் பிடிப்பதுதான். பிடித்துவிட்டால் தோற்றவன் பணத்தை எடுத்து ஜெயித்தவனுக்குக் கொடுத்துவிட்டு, நடுவில் தன் கமிஷனை எடுத்துக்கொள்ளலாம். அழகான வடிவமைப்பு. எந்த ஆட்டத்துக்கும் பந்தயம் வைக்கலாம், எவ்வளவு மட்டமான ஆட்டமானாலும் கடைசி நிமிடம் வரை விறுவிறுப்பு இருக்கும்.

மென்பொருள் துறையில் இருப்பவர்களுக்கு இது பழக்கமான சங்கதி. ஒரு சிக்கலைத் தீர்க்க ஒரு மாற்றம் செய்வோம். அந்த மாற்றமே யாரும் நினைத்துப் பார்க்காத இன்னொரு வாசலைத் திறந்துவிடும். ஸ்ப்ரெட் செய்தது அதுதான். ஜெயிப்பதையும் பணத்தையும் அது தனித்தனியாகப் பிரித்துவிட்டது.

அதுவரை ஒரு ஆட்டக்காரனை விலைக்கு வாங்குவது என்றால் "நீ தோற்றுப்போ" என்று கேட்கணும். இருபது வயசுப் பையனிடம் கேட்பதற்கு அது பெரிய விஷயம். தன் கல்லூரியை, தன் நண்பர்களைக் காட்டிக்கொடு என்று அர்த்தம். ஸ்ப்ரெட் வந்த பிறகு கேட்கவேண்டியது இவ்வளவுதான்: "நீங்க ஜெயிங்கப்பா, யார் வேண்டாம்னா? கொஞ்சம் கம்மியா ஜெயிங்க." ஸ்ப்ரெட் 10 என்றால் 6 புள்ளியில் ஜெயித்தால் போதும். கோச்சுக்கு சந்தோஷம், கல்லூரிக்கு சந்தோஷம், பத்திரிகையில் வெற்றிச் செய்தி. பையன் பாக்கெட்டில் ஆயிரம் டாலர்.

இதற்குப் பெயர்தான் பாயிண்ட் ஷேவிங். தமிழில் புள்ளிச் சவரம் என்றே சொல்லலாம். மொட்டை அடிப்பதில்லை, லேசாக வழித்துவிடுவது.

கூடைப்பந்து இதற்குத் தோதான ஆட்டம். ஐந்தே பேர் ஆடுவதால் ஒருவர் இருவர் கைக்குள் வந்தாலே போதும். நிமிடத்துக்கு நிமிடம் புள்ளி ஏறுவதால் வித்தியாசத்தை மெல்ல ஏற்றி இறக்கலாம். கையெட்டும் பந்துக்கு அரை நொடி தாமதமாகக் குதிப்பது, எதிராளியை ஒரு எட்டு முன்னால் விட்டுவிடுவது, பந்தைக் கொஞ்சம் தாழ்வாகத் தள்ளுவது. இதெல்லாம் நேர்மையான ஆட்டத்திலும் நடப்பவைதான். கேலரியில் இருந்து பார்ப்பவருக்கு வித்தியாசமே தெரியாது.

பணம் புழங்கிய இடம்

1934 டிசம்பர் 29 அன்று நெட் ஐரிஷ் என்பவர் மாடிசன் ஸ்கொயர் கார்டனில் ஒரே இரவில் இரண்டு கல்லூரி ஆட்டங்களை நடத்தினார். 16,000 பேருக்கு மேல் டிக்கெட் வாங்கி வந்தார்கள். அதற்கு முன் கல்லூரிக் கூடைப்பந்து என்பது கல்லூரி ஜிம்மில் சில நூறு பேர் உட்கார்ந்து பார்க்கிற சமாச்சாரம். கார்டன் அதை வியாபாரம் ஆக்கியது. அரங்குக்கு வருமானம், கல்லூரிகளுக்குப் பங்கு, கோச்சுகளுக்குப் புகழ். ஆடுகிற பையன்கள் மட்டும் 'அமெச்சூர்'. அவர்களுக்குச் சம்பளம் கிடையாது.

கோடையில் பல ஆட்டக்காரர்கள் கேட்ஸ்கில் மலையிலிருந்த விடுதிகளில் வெயிட்டராகவும் எடுபிடியாகவும் வேலை பார்த்தார்கள். விடுதிகள் விருந்தினர்களின் பொழுதுபோக்குக்காகத் தங்களுக்குள் கூடைப்பந்துப் போட்டி நடத்தும். விருந்தினர்கள் மொத்தம் எத்தனை புள்ளி வரும் என்று ஆளுக்கு ஒரு எண் எடுத்துச் சின்னதாகப் பந்தயம் வைப்பார்கள். சமையல்காரருக்கோ தெரிந்த விருந்தினருக்கோ விழுந்த எண் வருகிற மாதிரி பையன்கள் ஆட்டத்தை நகர்த்திக் கொடுத்ததும் உண்டு. யாரும் அதைக் குற்றமாக நினைக்கவில்லை. ஒத்திகை அங்கேயே நடந்துவிட்டது என்றுதான் சொல்லணும்.

எச்சரிக்கை மணி அடிக்காமலும் இல்லை. 1945 ஜனவரியில் புரூக்ளின் காலேஜ் ஆட்டக்காரர்கள் ஐந்து பேர், ஆக்ரன் அணியிடம் தோற்பதற்காகப் பணம் வாங்கியது வெளியானது. அப்போதிருந்த நியூயார்க் லஞ்சச் சட்டம் தொழில்முறை விளையாட்டை மட்டுமே சொன்னது. அமெச்சூர் ஆட்டங்களையும் சேர்த்து சட்டத்தைத் திருத்தினார்கள். 1949இல் ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆட்டக்காரர் டேவிட் ஷபிரோ, தன்னிடம் பேரம் பேசியவர்களை அரசு வழக்கறிஞரிடம் பிடித்துக்கொடுத்தார். எல்லாரும் பாராட்டினார்கள். ஆட்டங்கள் அப்படியே தொடர்ந்தன.

ஒரு பையன் வேண்டாம் என்றான்

1951 ஜனவரி. மன்ஹாட்டன் காலேஜ் அணியில் ஜூனியஸ் கெல்லாக் என்ற ஆறடி எட்டங்குல சென்டர். வயது 23. வர்ஜீனியா மாநிலத்து போர்ட்ஸ்மவுத்காரர். அந்தக் கல்லூரி அணியில் ஆடிய முதல் கறுப்பினத்தவர். கல்லூரி பக்கத்தில் ஒரு ஐஸ்கிரீம் கடையில் குறைந்தபட்சக் கூலிக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தார். முந்தைய வருடத்து இணை கேப்டன் ஹாங்க் பாப்பி அவரைத் தேடி வந்தார். டீபால் பல்கலைக்கழகத்துக்கு எதிரான ஆட்டத்தில் புள்ளியைக் குறைத்தால் 1,000 டாலர் என்றார்.

அந்தத் தொகையின் எடை தெரிய ஒரு கணக்கு: 1950இல் ஒரு சராசரி அமெரிக்கக் குடும்பத்தின் வருட வருமானமே சுமார் 3,300 டாலர். ஒரே ராத்திரியில் குடும்பத்தின் நாலு மாத வருமானம். ஐஸ்கிரீம் கடைப் பையனுக்கு!

கெல்லாக் மறுத்தார். கோச் கென் நார்ட்டனிடம் போய்ச் சொன்னார். விஷயம் மாவட்ட அரசு வழக்கறிஞர் ஃபிராங்க் ஹோகன் வரை போனது. ஒத்துக்கொண்ட மாதிரி நடிக்கச் சொன்னார்கள். நடித்தார். ஜனவரி 16 அன்று நடந்த ஆட்டத்தில் பதற்றத்தில் அவருக்கு ஆட்டமே வரவில்லை. ஆனாலும் மன்ஹாட்டன் 62–59 என்று ஜெயித்தது. பாப்பியும் இன்னொரு முன்னாள் இணை கேப்டன் ஜாக் பைர்ன்சும் கைதானார்கள். முந்தைய சீசனில் தாங்களே பணம் வாங்கி ஆடியதை ஒப்புக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகுதான் ஹோகன் அலுவலகம் நூலைப் பிடித்துக்கொண்டு போனது. நூலின் மறுமுனையில் சால்வடோர் சொலாசோ என்ற நகை வியாபாரி இருந்தார். அவருக்குத் தரகர் எடி கார்ட். லாங் ஐலண்ட் பல்கலைக்கழகத்தின் (எல்.ஐ.யூ.) முன்னாள் ஆட்டக்காரர். யாரிடம் பேசலாம், யார் மசிவார்கள், யாருக்குப் பணமுடை என்று கார்டுக்குத் தெரியும். எல்லாரும் கேட்ஸ்கில் விடுதிகளில் ஒன்றாக வேலை பார்த்த பையன்கள்தானே.

சிட்டி காலேஜ் என்றால் என்ன

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கணும். சிட்டி காலேஜ் சாதாரணக் கல்லூரி இல்லை. 1847இல் 'ஃப்ரீ அகாடமி' என்ற பெயரில் தொடங்கியது. கல்விக் கட்டணம் கிடையாது. தனியார் பல்கலைக்கழகங்கள் யூதர்களுக்கு இத்தனை இடம்தான் என்று கதவை அடைத்த காலத்தில், குடியேறிய ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இதுதான் ஏணி. 1950இல் முதல் ஐந்து ஆட்டக்காரர்களில் மூன்று பேர் யூதர்கள், இரண்டு பேர் கறுப்பினத்தவர்கள். எல்லாரும் நியூயார்க் தெருக்களில் ஆடி வளர்ந்தவர்கள்.

அந்த என்.ஐ.டி. தொடரில் அவர்கள் கென்டக்கியை 89–50 என்று அடித்தார்கள். கென்டக்கி அன்றைய ஜாம்பவான். கோச் அடால்ஃப் ரப். வெள்ளையர்கள் மட்டுமே ஆடிய அணி. ஆட்டத்துக்கு முன் கென்டக்கி ஆட்டக்காரர்கள் சிலர் கை கொடுக்க மறுத்தார்கள் என்று சிட்டி பையன்கள் பின்னாளில் சொன்னார்கள். 39 புள்ளி வித்தியாசம் அந்த நகரத்துக்கு வெறும் விளையாட்டு முடிவு இல்லை. அதனால்தான் கைதுச் செய்தி வந்தபோது அந்த மக்களுக்கு அது வீட்டுத் துக்கம் மாதிரி இருந்தது.

முதல் மூன்று பேர் கைதான பிறகு ஃப்ளாய்ட் லேனை நம்பித்தான் அணி இருந்தது. இவனாவது சுத்தமானவன் என்று மாணவர்கள் தூக்கிக் கொண்டாடினார்கள். அதிக நாள் ஆகவில்லை, லேனும் கைது. வாங்கிய பணத்தில் பெரும்பகுதியை வீட்டில் ஒரு பூந்தொட்டிக்குள் ஒளித்து வைத்திருந்தார். செலவு பண்ணக்கூட தைரியம் வரவில்லை. இந்தக் கதையில் எனக்கு மறக்க முடியாத விஷயம் அந்தப் பூந்தொட்டிதான்.

இன்னொரு முக்கியமான விஷயம். 'கொஞ்சம் கம்மியா ஜெயிங்க' என்ற வாக்குறுதி நடைமுறையில் நிற்கவில்லை. சொலாசோ பணம் கொடுத்த 1950–51 ஆட்டங்களில் சிட்டி மிசௌரியிடம் 54–37, அரிசோனாவிடம் 41–38, பாஸ்டன் காலேஜிடம் 63–59 என்று தோற்றது. மூன்றுமே தோல்வி! காரணம் சுலபம். கூடைப்பந்து குழாயைத் திறந்து மூடுகிற விஷயம் இல்லை. ஒரு தடவை வேகத்தைக் குறைத்துவிட்டால், எதிரணி சூடு பிடித்த பிறகு மறுபடி ஏற்ற முடியாது. 'யாருக்கும் நஷ்டமில்லை' என்பதுதான் இந்த வியாபாரத்தின் விளம்பர வாசகம். அது முதல் ஆட்டத்திலேயே பொய்யாகிவிடுகிறது. ஒரு முறை பணம் வாங்கியவன் அடுத்த முறை மறுக்கவும் முடியாது. "சொல்லிவிடட்டுமா?" என்று ஒரு வார்த்தை போதும்.

"இது நியூயார்க் வியாதி"

கைதுகள் நியூயார்க்கில் தொடங்கியதும் நாட்டின் மற்ற பகுதிக் கல்லூரிக்காரர்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். பெரிய நகரம், கார்டன் அரங்கம், சூதாடிகள், 'அந்த மாதிரி' பையன்கள் என்று பேசினார்கள். 'அந்த மாதிரி' என்பதற்குள் யூத வெறுப்பும் நிறவெறியும் ஒளிந்திருந்தன என்பதைச் சொல்லத் தேவையில்லை. கென்டக்கி கோச் ரப் ஒருபடி மேலே போனார். சூதாடிகளால் எங்கள் பையன்களைப் பத்தடிக் கம்பு வைத்துக்கூடத் தொட முடியாது என்ற பொருளில் பேட்டி கொடுத்தார். அது 1951 ஆகஸ்ட்.

அதற்குள்ளேயே இல்லினாய் மாநிலத்து பிராட்லி, ஒஹையோவின் டொலிடோ என்று அமெரிக்காவின் நடுப்பகுதிக் கல்லூரிகள் சிக்கிக்கொண்டிருந்தன. பிராட்லியின் ஜீன் மெல்கியோரி அந்த வருட என்.பி.ஏ. தேர்வில் முதல் ஆளாக எடுக்கப்பட்டவர். ஒரு ஆட்டம்கூட அங்கே ஆடாமல் தடை செய்யப்பட்டார்.

அக்டோபர் 20. ரப்பின் பையன்கள் ரால்ஃப் பியர்ட், அலெக்ஸ் க்ரோசா, டேல் பார்ன்ஸ்டபிள் மூவரும் கைது. பியர்டும் க்ரோசாவும் 1948 லண்டன் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கியவர்கள். இண்டியானாபொலிஸ் ஒலிம்பியன்ஸ் என்ற என்.பி.ஏ. அணியின் பங்குதாரர்களும்கூட. 1949 என்.ஐ.டி.யில் சிகாகோ லயோலாவிடம் கென்டக்கி 67–56 என்று தோற்ற ஆட்டத்தில் பணம் வாங்கியதை ஒப்புக்கொண்டார்கள். பத்தடிக் கம்பு எல்லாம் தேவைப்படவே இல்லை. கையெட்டும் தூரத்தில்தான் இருந்திருக்கிறார்கள். என்.பி.ஏ. அவர்களுக்கு வாழ்நாள் தடை விதித்தது. 1952–53 சீசன் முழுவதும் கென்டக்கி ஆட முடியாமல் போனது.

மொத்தக் கணக்கு: 1947 முதல் 1950 வரை 7 கல்லூரிகளைச் சேர்ந்த 32 ஆட்டக்காரர்கள், 17 மாநிலங்களில் 86 ஆட்டங்கள். நிரூபிக்கப்பட்டது இவ்வளவு.

யார் எவ்வளவு கொடுத்தார்கள்

பணம் வாங்கியது குற்றம்தான். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. கெல்லாக்குக்கும் இவர்களுக்கும் ஒரே வயசு, ஒரே வறுமை. ஆனால் அவர் மறுத்தார். 'சூழ்நிலை' என்று சொல்லி எல்லாவற்றையும் மூடிவிட முடியாது.

ஆனால் தண்டனைப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறு ஒன்று தெரிகிறது. சொலாசோவுக்கு 8 முதல் 16 வருடம் சிறை. சரி. ஆட்டக்காரர்களில் பலருக்குத் தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது. சிலர் ராணுவத்துக்குப் போனார்கள். எட் வார்னருக்கு ஆறு மாதம், எல்.ஐ.யூ.வின் ஷெர்மன் வைட்டுக்கு ஒரு வருடம் என்று தீர்ப்பு. இருவரும் உள்ளே போனார்கள். இருவரும் கறுப்பினத்தவர்கள் என்பதை வாசகர்கள் கவனித்திருப்பீர்கள்.

ஷெர்மன் வைட் அந்த சீசனில் ஆட்டத்துக்குச் சராசரி 27.7 புள்ளி எடுத்தவர். கல்லூரி ஆட்டத்தின் அன்றைய மொத்தப் புள்ளிச் சாதனையை எட்ட இன்னும் 77 புள்ளிதான் பாக்கி. மூன்று ஆட்டம் ஆடியிருந்தால் போதும். அந்த இடத்தில் கைதானார். எட்டு மாதத்துக்கு மேல் ரைக்கர்ஸ் தீவுச் சிறையில் இருந்தார். என்.பி.ஏ. கதவு நிரந்தரமாக மூடியது. பிறகு வார இறுதிகளில் ஒரு சின்ன லீக்கில் ஆடிக்கொண்டிருந்தார்.

மறுபக்கம் பாருங்க. கார்டன் அரங்கத்து நிர்வாகம் மேல் வழக்கு கிடையாது. விசாரணையின்போது, சிட்டி காலேஜில் சில ஆட்டக்காரர்களைச் சேர்க்க மதிப்பெண் சான்றிதழ்களைத் திருத்தியிருந்தது தெரியவந்தது. பையன்கள் பொய் சொல்லக் கற்றது சூதாடிகளிடம் மட்டும் இல்லை போலிருக்கிறது. கோச் நாட் ஹோல்மன் 1952இல் இடைநீக்கம் செய்யப்பட்டு, மேல்முறையீட்டில் 1954இல் திரும்ப வந்தார். தீர்ப்பு சொன்ன நீதிபதி சால் ஸ்ட்ரைட் கல்லூரிகளைக் கடுமையாகச் சாடினார். குறிப்பாகக் கென்டக்கியை. ரப் 1972 வரை கோச்சாக இருந்து ஓய்வு பெற்றார். இன்றைக்கும் அங்கே அரங்கத்துக்கு அவர் பெயர்.

எல்.ஐ.யூ. 1957 வரை விளையாட்டையே நிறுத்தியது. சிட்டி காலேஜ் கார்டனை விட்டு வெளியேறியது. இன்று மூன்றாம் நிலைப் பிரிவில் ஆடுகிறது. என்.சி.ஏ.ஏ. இறுதிப்போட்டி 1950க்குப் பிறகு கார்டனுக்குத் திரும்பவே இல்லை.

கெல்லாக்? பிறகு ஹார்லம் குளோப்டிராட்டர்ஸ் அணியில் சேர்ந்தார். 1954இல் ஆர்கன்சாவில் நடந்த கார் விபத்தில் உடல் செயலிழந்து சக்கர நாற்காலிக்கு வந்தார். சக்கர நாற்காலிக் கூடைப்பந்து அணிக்குக் கோச் ஆனார், நியூயார்க் நகர நிர்வாகத்தில் வேலை பார்த்தார், 1998இல் இறந்தார். ஃப்ளாய்ட் லேன், 1974இல் அதே சிட்டி காலேஜுக்குக் கோச்சாகத் திரும்பினார். பதினாலு வருடம் இருந்தார். இந்தக் கதையில் மன்னிப்பு மாதிரி ஒன்று எங்காவது இருக்கிறது என்றால் அது இங்கேதான்.

திரும்பத் திரும்ப

பாடம் கற்றார்களா என்றால் இல்லை. 1961இல் இதைவிடப் பெரிய வலை. இருபதுக்கும் மேற்பட்ட கல்லூரிகள். மையத்தில் ஜாக் மொலினாஸ். தன் அணி மேலேயே பந்தயம் கட்டியதற்காக 1954இல் என்.பி.ஏ. விரட்டியடித்த ஆட்டக்காரர், பிறகு வக்கீல். 1963இல் சிறை. 1975இல் சுட்டுக் கொல்லப்பட்டார். இதில் அநியாயமாக அடிபட்டவர் கானி ஹாக்கின்ஸ். மொலினாசிடம் 200 டாலர் கடன் வாங்கியதைத் தவிர அவர் எந்த ஆட்டத்தையும் விற்றதாக நிரூபிக்கப்படவில்லை. வழக்கும் இல்லை. ஆனாலும் ஐயோவா பல்கலைக்கழகத்திலிருந்து வெளியேற்றப்பட்டார், என்.பி.ஏ. சேர்த்துக்கொள்ளவில்லை. வழக்குப் போட்டு 1969இல்தான் உள்ளே வந்தார். ஆட்டத்தின் உச்ச வயசு போய்விட்டது.

1978–79இல் பாஸ்டன் காலேஜ். இதன் பின்னணியில் ஹென்றி ஹில், ஜிம்மி பர்க். 'குட்ஃபெல்லாஸ்' படம் பார்த்தவர்களுக்குத் தெரிந்த கும்பல்தான். வேறு வழக்குக்காக ஹில்லை விசாரித்தபோது அவர் போகிற போக்கில் இதையும் உளறினார். எதிரே இருந்த அரசு வழக்கறிஞர் பாஸ்டன் காலேஜில் படித்தவர்!

1994 அரிசோனா ஸ்டேட் விவகாரம் தொழில்நுட்ப ரீதியில் சுவாரசியமானது. ஸ்டெவின் ஸ்மித் என்ற ஆட்டக்காரருக்குச் சூதாட்டக் கடன் சுமார் 10,000 டாலர். ஆரிகன் ஸ்டேட்டுக்கு எதிராக அவர் புள்ளிச் சவரம் செய்த ஆட்டத்தில் அவர் எடுத்தது 39 புள்ளி. பத்து மூன்று-புள்ளிக் கூடைகள். கைதட்டல்! அணி 88–82 என்று ஜெயித்தது. ஸ்ப்ரெட்டோ அதைவிட இரண்டு மடங்குக்கு மேல். எப்படி? பந்து போடும்போது முழு ஆட்டம், தடுக்கும்போது சும்மா நின்றார். ஸ்கோர்போர்டில் தெரிவது நீ போட்ட புள்ளி மட்டும்தான், நீ விட்ட புள்ளி யார் கணக்கிலும் எழுதப்படுவதில்லை.

கணக்கில் பிடிபடுமா?

பிடிபட்டது இவ்வளவு என்றால் பிடிபடாதது எவ்வளவு? 2006இல் ஜஸ்டின் வுல்ஃபர்ஸ் என்ற பொருளாதார அறிஞர் 16 சீசன்களின் 44,120 ஆட்டங்களை எடுத்து அலசினார். 12 புள்ளிக்கு மேல் ஸ்ப்ரெட் உள்ள பலமான அணிகள் ஸ்ப்ரெட்டைத் தாண்டியது 48.37 சதவீதம்தான். 50 இருந்திருக்கணும். ஜெயித்தும் ஸ்ப்ரெட்டுக்குக் கொஞ்சம் கீழே நின்ற ஆட்டங்கள் எதிர்பார்த்ததைவிட அதிகம். இதை வைத்து, அப்படிப்பட்ட ஆட்டங்களில் சுமார் 6 சதவீதம் கறைபட்டவையாக இருக்கலாம் என்று மதிப்பிட்டார். பெரிய பரபரப்பு.

2010இல் டான் பெர்ன்ஹார்ட், ஸ்டீவன் ஹெஸ்டன் இருவரும் மறுப்பு எழுதினார்கள். சூதாடிகள் கைவைக்க எந்த முகாந்திரமும் இல்லாத ஆட்டங்களிலும் இதே வடிவம் வருகிறது என்று காட்டினார்கள். யோசித்தால் புரிகிறது. இருபது புள்ளி முன்னிலையில் இருக்கிற கோச் நல்ல ஆட்டக்காரர்களை உட்கார வைத்துவிட்டு மாற்று ஆட்களை இறக்குவார், நேரத்தைக் கடத்துவார். வித்தியாசம் தானாகச் சுருங்கும். அதற்கு லஞ்சம் தேவையில்லை.

எனக்கு மறுப்புத்தான் வலுவாகப் படுகிறது. தினமும் டேட்டாவோடு மல்லுக்கட்டுகிறவன் என்ற முறையில், ஒரு வரைபடத்தில் பள்ளம் தெரிந்தால் அதற்குக் காரணமும் தெரிந்துவிட்டதாக நினைப்பது எவ்வளவு ஆபத்து என்று தெரியும். ஆனால் இதன் மறுபக்கம் இன்னும் சங்கடமானது. நேர்மையான சோர்வும் விலைக்கு விற்ற சோர்வும் புள்ளிவிவரத்தில் ஒரே மாதிரி இருக்கின்றன. அதனால்தான் 1951லும் சரி, பாஸ்டன் காலேஜிலும் சரி, உண்மை வெளியே வந்தது கணக்கினால் இல்லை. ஒரு மனிதன் வாயைத் திறந்ததால் வந்தது. ஒருவர் மனசாட்சிக்காக, இன்னொருவர் தன் தலையைக் காப்பாற்றிக்கொள்ள.

2018 மே 14 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம், மாநிலங்கள் விளையாட்டுப் பந்தயத்தை அனுமதிப்பதைத் தடுத்த 1992ஆம் வருடச் சட்டத்தை ரத்து செய்தது. இன்று பல மாநிலங்களில் கைப்பேசியிலேயே பந்தயம். ஸ்ப்ரெட்டோடு நிற்கவில்லை. இந்த ஆட்டக்காரர் இன்று எத்தனை புள்ளி எடுப்பார், எத்தனை பந்து பிடிப்பார் என்று தனித்தனி எண்கள். 1940களில் ஒரு ஆட்டத்துக்கு ஒரு எண் இருந்தது. இப்போது ஒரு ஆட்டக்காரருக்கே பல எண்கள். ஸ்ப்ரெட் 'தோற்க வேண்டாம்' என்றது. இந்த எண்கள் 'உன் அணிக்குக்கூட எதுவும் ஆகாது' என்கின்றன. கேட்கப்படும் துரோகம் சின்னதாகச் சின்னதாக, சரி என்று தலையாட்டுவது சுலபமாகிறது. 1951 சொன்ன விஷயம் இதுதான் என்று நினைக்கிறேன். அங்கே யாரும் பெரிய துரோகம் செய்ய ஒத்துக்கொள்ளவில்லை. எல்லாரும் ஒத்துக்கொண்டது 'கொஞ்சம்' என்ற வார்த்தைக்குத்தான்.

மொலினாஸ் பற்றித் தனியாக எழுதணும். புத்திசாலித்தனம் ஒரு ஆளை எவ்வளவு தூரம் கூட்டிப்போய் எங்கே தள்ளும் என்பதற்கு அந்த ஆள் ஒரு முழுப் பாடம். அடுத்த குறிப்பில் பார்க்கலாம்.